மிரட்டி வாங்கிய வாக்குமூலத்தை மறுப்பது எப்படி? எல்லையோரத் தமிழ்க் காவலர்களுக்கான வழிமுறை

வாளையாறு, கோபாலபுரம், குமுளி, ஆரியங்காவு, ஆந்திரப் பக்கம் தடா, நகரி என்று எல்லைச் சாவடிகளில் வேலை பார்க்கும் ஒரு காவலர் லஞ்ச வழக்கிலோ கடத்தல் வழக்கிலோ சிக்கினால், அவரை உட்கார வைத்து விசாரிப்பவர் பெரும்பாலும் நேற்றுவரை அவர் சல்யூட் அடித்த பதவியில் இருப்பவர்தான். கேரளத்தில் விஜிலன்ஸ், ஆந்திராவில் ஏ.சி.பி. என்னும் ஊழல் தடுப்புப் பிரிவு, எதுவானாலும் விசாரணை அறையின் பழக்கவழக்கம் ஒன்றே. அங்கே எழுதி வாங்கப்பட்டதைப் பிறகு நீதிமன்றத்தில் மறுக்கும்போது காக்கிச் சட்டை எதிராகத்தான் வேலை செய்யும். "சட்டம் தெரிந்தவர், பத்து வருடம் ஸ்டேஷனில் இருந்தவர், இவரை யார் மிரட்ட முடியும்?" என்ற கேள்வி அரசு வழக்கறிஞரிடமிருந்து கட்டாயம் வரும். அதற்குப் பதிலாக நேரம், இடம், மொழி ஆகிய மூன்றையும் காகிதத்தில் காட்ட வேண்டும். கீழே உள்ளவை அந்தக் காகிதங்களைச் சேர்ப்பது பற்றியவை. உண்மையிலேயே வற்புறுத்தப்பட்டவருக்கு மட்டுமே இந்த வழி. தானாகச் சொன்னதை ஜாமீனுக்காக மறுப்பவர் குறுக்கு விசாரணையில் முதல் அரைமணியிலேயே மாட்டிக்கொள்வார்.

கையெழுத்திட்ட காகிதம் எது?

முதல் வேலை, எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டோம் என்று பிரித்தறிவது. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டங்கள் நடப்பில் உள்ளன. மாஜிஸ்திரேட் முன் கொடுக்கும் வாக்குமூலத்தை நீதிமன்ற வளாகங்களில் இன்னும் "164 ஸ்டேட்மென்ட்" என்றுதான் பேசுகிறார்கள். அது இப்போது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 183ஆம் பிரிவு. பழைய சாட்சியச் சட்டத்தின் 24 முதல் 27 வரையான பிரிவுகள் புதிய சாட்சியச் சட்டத்தில் 22, 23 ஆகிய பிரிவுகளுக்குள் வந்துவிட்டன. கீழே சட்டப் பெயர் இல்லாமல் வரும் எண்களில் இவ்விரண்டும் சாட்சியச் சட்டம், மற்றவை சன்ஹிதா.

போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம், 23ஆம் பிரிவின்படி, கொடுத்தவருக்கு எதிராகச் செல்லாது. அந்த அதிகாரி அந்த வழக்கை விசாரிப்பவராக இல்லாவிட்டாலும் செல்லாது. எனவே "எஸ்.பி. கூப்பிட்டார், அவரிடம் மனம் திறந்து சொல்லிவிட்டேன்" என்பது வெளியாளிடம் சொன்னதாக ஆகாது, அவரும் போலீஸ் அதிகாரியே. இதை மறுப்பதற்காகத் தனி மனு போட்டு நாளை வீணாக்க வேண்டாம். 180ஆம் பிரிவில் போலீஸ் எழுதும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கவே கூடாது என்று 181 சொல்கிறது. வாங்கியிருந்தால் அந்த மீறலையே மனுவில் குறிப்பிடலாம்.

இரண்டாவது, கவனம் வேண்டிய இடம் கண்டெடுப்பு. "பணத்தை வீட்டு பீரோவில் வைத்திருக்கிறேன், எடுத்துத் தருகிறேன்" என்று சொல்லி, அதன்பேரில் பொருள் கிடைத்தால், அந்தக் கண்டெடுப்போடு நேரடியாக ஒட்டிய பகுதி மட்டும் சாட்சியமாகும். குண்டூர்ப் பக்கத்து வழக்கான புலுகுரி கோட்டையாவில், பிரிட்டிஷ் காலத்தில் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரிவி கவுன்சில் வகுத்த இந்த வரையறை இன்றும் அப்படியே நிற்கிறது. "லஞ்சமாக வாங்கிய பணம்" என்ற சொற்கள் அதில் சேராது. "பீரோவில் இருக்கிறது" என்பது சேரும். போலீஸ் முன்பே அந்த இடத்தைச் சோதித்திருந்தால் அது கண்டெடுப்பே இல்லை. அதனால் மகஜரில் (பொருளைக் கைப்பற்றியபோது எழுதும் குறிப்பில்) உள்ள நேரத்தையும், வீட்டாருக்கு நினைவிருக்கும் நேரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

மூன்றாவது வகை, போலீஸ் அல்லாத துறை அதிகாரிகளிடம் கொடுத்தது. சுங்கத்துறை 108ஆம் பிரிவில் வாங்கும் வாக்குமூலம் சாட்சியமாக ஏற்கப்படும். மறுப்பை ஒரு நாளும் தாமதிக்காமல் எழுத வேண்டியது இங்கேதான். போதைப்பொருள் வழக்கில் 67ஆம் பிரிவு வாக்குமூலத்தை ஒப்புதலாகப் பயன்படுத்த முடியாது என்று 2020இல் தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு வழக்கில் உச்ச நீதிமன்றம் முடிவு செய்துவிட்டது.

நான்காவது, மாஜிஸ்திரேட் முன் கொடுத்த 183. வழக்கின் தலையெழுத்தை மாற்றக்கூடியது இது.

மாஜிஸ்திரேட் முன் நிற்கும் அந்த அரைமணி

183இல் பதிவு தொடங்கும் முன் மாஜிஸ்திரேட் இரண்டு விஷயங்களைச் சொல்லியாக வேண்டும்: வாக்குமூலம் கொடுக்க நீங்கள் கட்டுப்பட்டவர் அல்ல, கொடுத்தால் அது உங்களுக்கு எதிராகவே பயன்படும். தானாக முன்வந்துதான் பேசுகிறீர்கள் என்று கேள்விகள் கேட்டு நம்பிக்கை வந்த பிறகே எழுத வேண்டும். யோசிக்கப் பொதுவாக 24 மணி நேரமாவது தர வேண்டும் என்று 1957இல் சர்வான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த நேரத்தில் நீங்கள் இருக்க வேண்டிய இடம் சப்-ஜெயில். கூட்டிவந்த போலீஸ்காரர் வராந்தாவில் கண்ணில் படும்படி நின்றால்கூட அதைச் சொல்லுங்கள்.

பலருக்குத் தெரியாத பாதுகாப்பு 183இன் மூன்றாம் உட்பிரிவில் இருக்கிறது. பதிவு தொடங்கும் முன் "எனக்கு விருப்பம் இல்லை" என்று சொன்னால், அதன்பின் மாஜிஸ்திரேட் உங்களைப் போலீஸ் காவலுக்கு அனுப்பக் கூடாது. "மறுத்தால் ராத்திரி திரும்ப எங்களிடம்தான் வரணும்" என்ற மிரட்டலுக்குச் சட்டம் வைத்திருக்கும் பதில் இந்த ஒரு வரி. ஸ்டேஷனில் இருந்த காலமெல்லாம் மற்ற கைதிகளுக்கு இதைச் சொல்லாமல் விட்ட காவலருக்கும் இதே பாதுகாப்பு உண்டு. தயங்காமல் பயன்படுத்துங்கள். வழக்கறிஞர் கூட இருக்கையில், ஒலி-ஒளிப் பதிவாக எடுக்கவும் அதே பிரிவில் இடம் இருக்கிறது, கேட்டால்தான் கிடைக்கும்.

எல்லையில் இருப்பவர்களுக்கு மொழி தனிப் பிரச்சினை. பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூர் தாலுகா, கொழிஞ்சாம்பாறை, தேவிகுளம், பீர்மேடு பக்கம் பிறந்து வளர்ந்த பலர் மலையாளத்தை நன்றாகப் பேசுவார்கள், சட்ட மலையாளத்தை வாசிக்கத் தடுமாறுவார்கள். நகரி, குப்பம் பகுதியில் தெலுங்குக்கும் அப்படியே. 316ஆம் பிரிவு சொல்வது: விசாரிக்கப்படும் மொழியில் எழுத வேண்டும், முடியாதபோது நீதிமன்ற மொழியில் எழுதி, அவருக்குப் புரியும் மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும், அவர் திருத்தவும் சேர்க்கவும் உரிமை உண்டு, பிறகே கையெழுத்து. "மலையாளம் அறியுமோ?" என்று கேட்டால் பழக்க தோஷத்தில் "அறியும்" என்று சொல்லிவிடாதீர்கள். "பேசுவேன், வாசிக்க வராது, தமிழில் படித்துக் காட்ட வேண்டும்" என்று முழுதாகச் சொல்லுங்கள். கையெழுத்தின் பக்கத்திலேயே தமிழில் தேதி, மணி எழுதுங்கள். படித்துக் காட்டாவிட்டால் "படித்துக் காட்டப்படவில்லை" என்று எழுதுங்கள். அந்த இரண்டு சொல்லை யாரும் பிறகு அழிக்க முடியாது.

வெறும் நடைமுறைக் குறை மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். 183, 316 ஆகியவற்றில் தவறு நடந்தாலும், குற்றம் சாட்டப்பட்டவரின் தற்காப்புக்குப் பாதிப்பு இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டின் சாட்சியத்தைக் கொண்டு அதைச் சரிக்கட்ட 509ஆம் பிரிவு வழி விடுகிறது. ஆகவே நகல் கைக்கு வந்ததும், எந்த வரி நீங்கள் சொன்னதற்கு மாறாக இருக்கிறது, அதனால் தற்காப்பில் என்ன கெட்டது என்று வரிவாரியாகக் குறித்து வழக்கறிஞரிடம் கொடுங்கள்.

எது வற்புறுத்தல், எது இல்லை

22ஆம் பிரிவில் நான்கு சொற்கள்: தூண்டுதல், மிரட்டல், கட்டாயப்படுத்தல், வாக்குறுதி. இவை அதிகாரத்தில் உள்ளவரிடமிருந்து வந்திருக்க வேண்டும், வழக்கோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும், ஒப்புக்கொண்டால் இந்த வழக்கில் நன்மை கிடைக்கும் அல்லது தீங்கு விலகும் என்று நினைக்க நியாயம் இருக்க வேண்டும். "ஒத்துக்கிட்டா டிபார்ட்மென்ட் ஆக்‌ஷனோட முடிச்சிடுவோம்", "இல்லைன்னா உன் மனைவியையும் ரெண்டாம் குற்றவாளியா சேர்ப்போம்" இரண்டும் இதில் வரும். "பழனி முருகன் மேல சத்தியமா சொல்லு" வராது.

ஏமாற்றி வாங்கியது என்ற வாதம் தனியாக நிற்காது. ரகசியமாக வைத்துக்கொள்வோம் என்ற பேச்சு, பொய் சொல்லி வாயைக் கிளறியது, கேட்கக் கூடாத கேள்வி கேட்டது, இவற்றால் மட்டும் வாக்குமூலம் செல்லாமல் போகாது என்று அதே பிரிவு சொல்கிறது. "கூட்டாளி ஏற்கெனவே ஒத்துக்கிட்டான்னு பொய் சொன்னாங்க" என்று மனுவை நிரப்புபவர்கள், உண்மையில் நடந்த மிரட்டலை ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். எடையைத் தலைகீழாக வைத்த மனு அது.

அடி மட்டுமே வற்புறுத்தல் என்று நினைக்க வேண்டாம். இரவு முழுக்கத் தூங்கவிடாமல் ஆள் மாற்றி ஆள் கேட்பது, மருந்தைத் தராமல் இருப்பது, பிள்ளையின் போனை எடுத்துவந்து மேசையில் வைப்பது ஆகியவற்றையும் எழுதலாம். எழுதும்போது மணியைச் சேர்த்து எழுதுங்கள்.

வற்புறுத்தியது அரசு வழக்கறிஞர் என்றால்

நம் நாட்டில் புலன்விசாரணை போலீஸின் வேலை, வழக்கை நடத்துவது அரசு வழக்கறிஞரின் வேலை. இரண்டும் கலக்கக் கூடாது என்று தமிழ்நாட்டிலிருந்து போன ஆர். சரளா எதிர் டி.எஸ். வேலு வழக்கில் 2000இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. ஆகவே விசாரணை அறையில் அரசு வழக்கறிஞர் உட்கார்ந்து பேரம் பேசினார் என்றால் அந்த உட்கார்ந்திருப்பே முறைகேடு. நாள், மணி, அவர் சொன்ன சொற்களை அப்படியே எழுதி வையுங்கள்.

அவர்களின் கை உண்மையில் நீளும் இடம் அப்ரூவர் விவகாரம், அதாவது மன்னிப்புக்கு ஈடாகக் கூட்டாளிகளுக்கு எதிராகச் சாட்சி சொல்வது. 343ஆம் பிரிவில் மன்னிப்பு ஏற்றுக்கொண்டவர், ஏற்கெனவே ஜாமீனில் இல்லாவிட்டால், விசாரணை முடியும் வரை உள்ளேதான் இருக்க வேண்டும். அவர் பிறகு மாற்றிச் சொன்னால், நிபந்தனையை மீறினார் என்று அரசு வழக்கறிஞர் 345இன் கீழ்ச் சான்றளிக்கலாம். அதோடு மன்னிப்பு போய், மூல வழக்கு திரும்ப வரும். மன்னிப்பின்போது கொடுத்த வாக்குமூலமே அவருக்கு எதிராக வைக்கப்படும். "அப்ரூவர் ஆயிடு, வீட்டுக்குப் போயிடலாம்" என்று சொல்பவர்கள் இந்தப் பாதியைச் சொல்வதில்லை. ஊழல் தடுப்புச் சட்ட வழக்கில் சிறப்பு நீதிபதியே மன்னிப்பு வழங்க முடியும் என்பதால் எல்லாம் வேகமாக நடக்கும். மறுக்கப் போகிறீர்கள் என்றால் மன்னிப்பை ஏற்கும் முன் மறுத்துவிடுங்கள். ஏற்ற பிறகு மறுப்பது வேறு வழக்கு, வேறு ஆபத்து.

மறுப்பு மனு எழுதும் முறை

காலம்தான் இங்கே முக்கியம். ரிமாண்ட் நீட்டிப்பு ஒரு தடவைக்கு 15 நாளைத் தாண்டாது. அடுத்த ஆஜர் வீடியோவில் நடந்தாலும் வாய் திறந்து சொல்லுங்கள்: "கொடுத்த வாக்குமூலம் என் விருப்பப்படி கொடுத்தது அல்ல, எழுத்தில் தருகிறேன்." அதைக் குறிப்பில் பதியும்படி கேளுங்கள். வக்கீல் இல்லையென்றால் சிறைக் கண்காணிப்பாளர் வழியாக மனு அனுப்பலாம். பதிவேட்டு எண்ணைக் கேட்டு வாங்கி வையுங்கள். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. வீட்டார் 15100 என்ற எண்ணுக்கு அழைத்தால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணையத்தோடு இணைப்பார்கள். இரண்டு ஆண்டு கழித்து, சாட்சி விசாரணை முடிந்து, குற்றம் சாட்டப்பட்டவரிடம் கேள்வி கேட்கும் கட்டத்தில் முதல் முறையாகச் சொல்லும் மறுப்பை, பின்னால் யோசித்துச் சொன்னது என்று நீதிமன்றம் ஒதுக்கிவிடும்.

மனுவைத் தமிழிலேயே எழுதுங்கள். குறை தீர்க்கக் கோரும் மனுவை நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் தரலாம் என்பது அரசியலமைப்பின் 350ஆம் உறுப்பு. தமிழ் மூலத்தோடு மலையாள, தெலுங்கு அல்லது ஆங்கிலப் பெயர்ப்பை வைத்துக் கொடுங்கள். வக்கீல் குமாஸ்தா தயாரித்த ஆங்கில மனுவில் கண்ணை மூடிக் கையெழுத்துப் போட்டால், பிறகு அந்த மனுவே உங்கள் வாயிலிருந்து வராத சொற்களால் உங்களைச் சிக்க வைக்கும்.

மனுவின் உடல் இப்படி இருக்கலாம்:

"மேற்படி வழக்கில் நான் ... தேதி காலை ... மணிக்கு ... அலுவலகத்துக்கு அழைக்கப்பட்டேன். அழைப்பாணை கொடுக்கப்பட்டது / கொடுக்கப்படவில்லை. கைது என்று பதிவான நேரம் ... ; அதுவரை ... மணி நேரம் என்னை வெளியே விடவில்லை. ... பதவியில் உள்ளவர் '...' என்று சொன்னார். அந்த அச்சத்தால் ... தேதி மாஜிஸ்திரேட் முன் வாக்குமூலம் கொடுத்தேன். யோசிக்கக் கொடுத்த நேரம் ... . அந்த நேரத்தில் நான் இருந்த இடம் ... . எனக்கு வாசிக்கத் தெரிந்த மொழி தமிழ். வாக்குமூலம் ... மொழியில் எழுதப்பட்டது. அதில் ... பக்கம் ... வரி நான் சொன்னதல்ல. இந்த வாக்குமூலத்தை முழுமையாக மறுக்கிறேன்."

நினைவில்லாத நேரத்தை ஊகித்து எழுதாதீர்கள்; "மாலை விளக்குப் போட்ட பிறகு" என்பது தவறான 6.40ஐ விட வலுவானது. வசைச் சொற்களை நாகரிகப்படுத்த வேண்டாம். நகல் இல்லாமலே முதல் மனுவைப் போடுங்கள், பக்கம் வரி பிறகு சேர்க்கலாம்.

சேர்க்க வேண்டிய ஆதாரம்

மருத்துவம் முதலில். கைதானவரை உடனே மருத்துவர் பரிசோதித்து, காயமும் அது ஏற்பட்டிருக்கக்கூடிய நேரமும் எழுத வேண்டும் என்று 53ஆம் பிரிவு சொல்கிறது. அறிக்கையின் நகல் உங்களுக்கு உரியது. போலீஸை வெளியே நிற்கச் சொல்லும்படி மருத்துவரிடம் கேளுங்கள். கன்றிய இடம் சில நாளில் நிறம் மாறி மங்கிவிடும். உள்ளங்காலில் அடித்தது வெளியே தெரியாமலே போகலாம் என்பதால் நடக்கும்போது வலி இருப்பதையாவது பதியச் சொல்லுங்கள். "காயம் இல்லை" என்று முதல் சீட்டில் எழுதிவிட்டால் அதைத் தாண்டுவது மிகக் கடினம். முதல் ரிமாண்டில் மாஜிஸ்திரேட் "போலீஸ் மேல் புகார் உண்டா?" என்று கேட்கும்போது "இல்லை" என்று சொல்வதும் அப்படியே.

அடுத்து கேமரா. விசாரணை அறை உட்படக் காவல் நிலையங்களில் சி.சி.டி.வி. வேண்டும், பதிவு 18 மாதம், எந்த நிலையிலும் ஓராண்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உத்தரவு வந்தது. நடைமுறையில் பழையதன்மேல் புதியது பதிவாகிவிடும். மறுப்பு மனுவோடு கூடவே, குறிப்பிட்ட தேதி, மணி, கேமரா இருக்கும் வாசல் ஆகியவற்றைச் சொல்லி, பதிவைப் பாதுகாத்து 94ஆம் பிரிவில் வரவழைக்கும்படி தனி மனு போடுங்கள்.

எல்லையோர வழக்குகளில் பெரும்பாலும் உடைவது கைது நேரம். பொள்ளாச்சியிலோ ஊத்துக்கோட்டையிலோ காலையில் தூக்கிவிட்டு, மாலையில் எல்லைக்கு அந்தப் பக்கம் பிடித்ததாக எழுதுவார்கள். கைபேசி கோபுரப் பதிவு, நீங்கள் எந்த மணிக்குத் தமிழ்நாட்டுக் கோபுரத்திலிருந்து கேரளக் கோபுரத்துக்கு மாறினீர்கள் என்று காட்டும். அவர்கள் வந்த வண்டியின் ஃபாஸ்டாக் பதிவு பாம்பாம்பள்ளம் சுங்கச்சாவடியைக் கடந்த நிமிடத்தைச் சொல்லும். உங்கள் ஸ்டேஷன் ஜி.டி.யில் (பொது நாட்குறிப்பில்) அன்றைய டூட்டிப் பதிவு இருக்கும். கைதுக் குறிப்பில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட உறவினர் எந்த மணிக்கு வந்தார் என்று கேளுங்கள். இந்த நான்கும் ஒன்றையொன்று தாங்கினால், கைதானவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதற்கான 24 மணி நேர வரம்பு மீறப்பட்டதா என்பதும் வெளிவரும். பயண நேரம் அதில் கழியும் என்பதை மறக்க வேண்டாம்.

விசாரணையின்போது

மறுக்கப்பட்ட வாக்குமூலம் தானாகச் செத்துவிடாது. மனமுவந்து கொடுத்தது என்று நீதிமன்றம் முடிவுசெய்தால் அதன்மேலும் தண்டிக்கலாம். ஆனால் பொதுவான அளவிலாவது வேறு ஆதாரம் துணை நிற்க வேண்டும் என்பது 1957இல் சுப்பிரமணிய கவுண்டன் எதிர் சென்னை மாநிலம் வழக்கிலிருந்து வரும் நடைமுறை. ஆகவே வேலை இரண்டு: வாக்குமூலத்தைத் தளர்த்துவது, துணை ஆதாரம் என்று காட்டப்படுவதை ஒவ்வொன்றாகப் பிரிப்பது. வாக்குமூலம் பதிந்த மாஜிஸ்திரேட்டைச் சாட்சியாகக் கூண்டில் ஏற்றினால் யோசிக்கத் தந்த நேரம், அறையில் இருந்தவர்கள், மொழி ஆகிய மூன்றிலேயே கேள்விகளை நிறுத்துங்கள். குற்றம் சாட்டப்பட்டவரிடம் கேள்வி கேட்கும் 351ஆம் பிரிவுக் கட்டத்தில் உங்களிடம் கேட்கும்போது முதல் மனுவில் உள்ளதையே சொல்லுங்கள், எழுத்திலும் கொடுங்கள். புதிதாக ஓர் அடியைக் கூட்டினால் பழையவையும் சந்தேகத்துக்குள்ளாகும்.

வற்புறுத்தியவர்மேல் புகார் தனிப் பாதை. வாக்குமூலம் பறிக்கக் காயப்படுத்தினால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 120இன் கீழ் 7 ஆண்டு வரை, கொடுங்காயம் என்றால் 10 ஆண்டு வரை சிறை. கேரளத்தில் 2011 போலீஸ் சட்டப்படி அமைந்த போலீஸ் புகார் ஆணையத்துக்கும், மனித உரிமை ஆணையத்துக்கும் போகலாம். மனித உரிமை ஆணையத்துக்குச் சம்பவத்திலிருந்து ஓராண்டே கெடு.

துறை விசாரணையைத் தள்ளிப்போடாதீர்கள். அங்கே சாட்சியச் சட்டம் அப்படியே பொருந்தாது. நீதிமன்றத்தில் செல்லாத போலீஸ் வாக்குமூலம் அங்கே கோப்பில் ஏறிவிடும். வெறும் வாக்குமூலத்தை மட்டும் வைத்து, அதை நிரூபிக்காமல் தண்டிக்க முடியாது என்று 2009இல் ரூப் சிங் நேகி வழக்கு சொல்கிறது. குற்றக் குறிப்பாணைக்கான பதிலில் மறுப்பு மனுவின் நகலை இணைத்து, அந்த வழக்கைக் குறிப்பிடுங்கள். கேரளத்தில் மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் அரசு அலுவலகங்களோடு தமிழிலேயே கடிதப் போக்குவரத்து நடத்த 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் உரிமை தருகிறது. பதிலையும் தமிழில் கேட்கலாம்.